நாலு வீட்டில் ஒருவர்

மெட்ரிக் தேறியதும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, பம்பாய்த் தாராவியில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது. ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் மழைக்காலத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள், முடியாதவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு கல்லூரி விசாரித்துக்கொண்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தான் வேலை பார்த்த தோல் கிடங்கில் அப்பா எல்லோரிடமும், "பையன் ஆபீசரா இருக்கான்" என்றே சொல்லிவைத்திருந்தார்.

மேற்பார்வையாளர் பக்கத்து மாட்டுங்காவில் குடியிருப்பவர். அவர் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: ஒருவர் எந்த வீட்டு அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுகிறாரோ அவர் அந்த வீட்டு ஆள்; சொன்னதைச் சொன்னபடி எழுது. அப்படியே எழுதினேன்.

மூன்றாம் வாரம் நாலு படிவங்களை மேசையில் வரிசையாக வைத்தார்.

"ஒரே சந்து. நாலு வீட்டிலயும் அறுபது வயசுப் பெரியவர், வலது பக்கம் வாதம். ஒருத்தி மாமாங்கறா, ஒருத்தி அண்ணாச்சிங்கறா. மூணு வீட்டில என்ன எழுதியிருக்கே? 'நடக்க இயலாது. தற்போது வெளியே சென்றுள்ளார்.'"

"அப்படித்தான் சார் சொன்னாங்க."

"வீட்டுக்கே போகாம மரத்தடியில உக்காந்துண்டு எழுதினியா? இன்னிக்கே போய்ப் பார்க்கறேன். பொய்யா இருந்தா நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

வழியெல்லாம் மழை. அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே அவரோடு நடந்தேன். சந்துக்குள் திரும்பினால் முழங்கால் அளவு தண்ணீர். எதிரே ஒரு கயிற்றுக் கட்டில் வந்துகொண்டிருந்தது. நான் விசாரித்த அந்த நாலு பெண்களும் ஆளுக்கொரு காலைத் தூக்கியிருந்தார்கள். கட்டில்மேல் கோணிச்சாக்கைப் போர்த்தியபடி பெரியவர்.

"ஏல, பாத்துக்கிட்டா நிக்க? வந்து ஒரு கை பிடி," என்றாள் முன்னால் வந்தவள்.

பிடித்தேன். மேற்பார்வையாளர் குடையோடு கூடவே நடந்தார். "இவர் யார் வீடு?"

"எங்க வீடு," என்றார்கள் நாலு பேரும்.

"அது எப்படிம்மா?"

"முறை வச்சிருக்கோம் சார். ஒரு நாளைக்கு ஒரு வீடு. அவியளுக்குப் பொண்டாட்டி புள்ள கெடையாது. இந்தக் கோலி வீட்டுக்குள்ள தண்ணி வந்தா மட்டும் முறையெல்லாம் பாக்க மாட்டோம், படி ஒசந்த வீட்டுக்குத் தூக்கிருவோம்."

"இந்தத் தம்பி கேக்கையில எங்க வீட்டுல இல்ல, இவ வீட்டுல இருந்தாவ," என்றாள் இன்னொருத்தி. "வெளிய போயிருக்காவன்னேன். பொய்யா?"

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "வேய், குடைய இங்கிட்டுப் பிடியும். மூஞ்சியில ஊத்துது."

மேற்பார்வையாளர் குடையை அவர்பக்கம் நீட்டிவிட்டுத் தான் நனைந்தார். "உம்மை எந்த வீட்டில எழுதறது?"

"எங்க வேணும்னாலும் எழுதும். கடேசி வீட்டுல மட்டும் வேண்டாம். ரசத்துல உப்பே போடமாட்டா."

"நாளைக்கு என் முறைதான். நாக்கப் பத்திரமா வச்சுக்கிடும்," என்றாள் பின்காலைப் பிடித்திருந்தவள். எல்லோரும் சிரித்ததில் கட்டில் ஒருபக்கம் சாய்ந்து, பெரியவர் எங்கள் எல்லோரையும் சேர்த்து வைதார்.

அவரை இறக்கியபின் மேற்பார்வையாளர் படியில் உட்கார்ந்து படிவங்களைப் பிரித்தார். யாரையாவது பராமரிக்கிறீர்களா என்ற கேள்விக்கு நாலு பேருமே இல்லை என்றிருந்தார்கள்.

"ஏம்மா இல்லைன்னு சொன்னீங்க?"

"சீக்காளி இருக்காவளான்னு கேக்கியன்னு நெனச்சோம். இவிய சீக்காளியா? அந்த வாயக் கேட்டியள்லா?"

அவர் பெரியவரை நாலிலும் அப்படியே விட்டு, 'இல்லை'யை மட்டும் அடித்து 'ஆம்' என்று தன் கையாலேயே எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். ஈரத்தில் மை பரவியது.

"நாளைக்கு அடுத்த சந்து," என்றார் என்னிடம். "வெளியே போயிருக்கார்னு சொன்னா, எந்த வீட்டுக்குன்னு கேளு."