லலிதா அழிக்க மறுத்த லாகுகள்

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போன் வந்தது. லலிதா மூளைக்காய்ச்சலில் இறந்துவிட்டார் என்றார் அவருடைய தம்பி. நாற்பத்திரண்டு வயது. அமைதியாகப் போய்ச் சேர்ந்தார் என்றும் சொன்னார். அமைதியாக என்பதை நான் நம்பவில்லை. இங்கே கூடியிருக்கும், அவரை அறிந்த நீங்களும் நம்ப மாட்டீர்கள்.

ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்த குடும்பம் அவருடையது. நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில் தொழிற்சாலையில் சேர்ந்தோம்; அடுத்தடுத்த நாற்காலி. பேக்கப் சர்வர் அவர் பொறுப்பு. எந்தெந்தக் கோப்புகள் டேப்பில் நகலாயின, எங்கே தடங்கல் வந்தது என்று அந்த மெஷின் தினமும் தானாகவே ஒரு பதிவு எழுதும். லாக் என்போம். அது பெருகிப் பெருகி டிஸ்கையே அடைத்துவிடும். லலிதா திங்கள்தோறும் அதைக் குறைப்பார். கோப்புப் பெயர்களையெல்லாம் நீக்குவார். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பிழை உள்ள வரிகளில் மட்டும் கைவைக்க மாட்டார். "சரியா நடந்ததை மெஷின் மறந்தா போகட்டும். தப்பா நடந்ததை மறக்கக் கூடாது" என்பார்.

தொண்ணூற்றாறில், அம்மாவின் ஆபரேஷனுக்காக ஒரு மாதம் விடுப்பில் போனார். லாகைக் குறைக்கும் வேலையை என்னிடம் விட்டுப்போனார். நான் செய்யவில்லை. அந்த மாதம்தான் உற்பத்திப் பிரிவு கம்ப்யூட்டரின் டிஸ்க் கெட்டது. டேப்பைத் தேடினால் ஒன்பது நாள் நகல்கள் இல்லை. டேப்பே போடவில்லை என்று ஆபரேட்டர் மகாதேவன் மேல் பழி விழுந்தது. ஹனூர்க்காரர், ஒப்பந்த ஊழியர். லலிதா திரும்பி வந்த அன்றே மகாதேவன் அவரிடம் வந்து நின்றார்.

"தெனமும் போட்டனுங்க அக்கா. டேப் டிரைவு பாதியில நின்னுக்குதுன்னு எழுதியும் குடுத்தனுங்க."

அந்தக் கடிதம் வரவே இல்லை என்றார் எங்கள் பிரிவு அதிகாரி. விசாரணை மறுநாள்தான். லலிதா திரும்பிய அன்று காலையே அவர் என்னைக் கூப்பிட்டு, டிஸ்க் நிறைந்துவிட்டது, பழைய லாகுகளை மொத்தமாக அழித்துவிடு என்றார். டிரைவ் பழுதும் அவர் மறைத்த கடிதமும் வெளியே வரக் கூடாது என்பதற்குத்தான் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் அழிக்கும் கட்டளையை டைப் செய்தேன். என்டர் மட்டும்தான் பாக்கி. லலிதா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சும்னே, சும்மா எதையும் தட்டாதே, ரகு. கையை எடு."

நேராக அதிகாரியிடம் போனார். "இடம்தானே சார் வேணும்? சாயங்காலத்துக்குள்ள பண்ணித் தரேன். மொத்தமா அழிக்க மாட்டேன். அழிச்சே ஆகணும்னா எழுதிக் குடுங்க."

அவர் எழுதித் தரவில்லை. லலிதா மதியச் சாப்பாட்டுக்கும் எழாமல் கோப்புப் பெயர்களை மட்டும் நீக்கினார். ஐந்து மணிக்கு டிஸ்கில் பாதிக்கு மேல் காலி. மிஞ்சிய சில பக்கங்களில் ஒன்பது நாளும் மகாதேவன் பேக்கப்பைத் தொடங்கிய நேரம் இருந்தது. ஒன்பது நாளும் டிரைவ் நின்றுபோன பிழையும் இருந்தது. அவற்றை அச்செடுத்து, யாரும் கேட்காமலேயே மறுநாள் விசாரணை மேஜையில் வைத்தார்.

மகாதேவன் வேலை தப்பியது. அடுத்த மாதம் லலிதாவை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். அங்கே போய் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் வேண்டாம். அடுத்த தடவை நான் பக்கத்துல இருக்க மாட்டேன், அவ்வளவுதான்" என்றார்.

நேற்று, இந்த இரங்கல் கூட்டத்தில் நான் படிக்க வேண்டிய குறிப்பை மேலிடத்திலிருந்து அனுப்பினார்கள். 'எல்லோருடனும் ஒத்துப்போனவர்' என்று ஒரு வரி இருந்தது. அடித்தேன். கூப்பிட்டுக் கேட்டார்கள். பொய், படிக்க மாட்டேன் என்றேன்.

லலிதா ஒத்துப்போகவில்லை. அதனால்தான் மகாதேவனின் பிழைப்பு பறிபோகவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது 'மாட்டேன்' என்ற அந்த ஒரு சொல்லைத்தான். இனி அது என்னுடையது.