தேயாத கிராமபோன் முள்

இன்று செவ்வாய்ப்பேட்டைச் சலூனுக்குப் போயிருந்தேன். அதை நமது கையெழுத்துப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

எனக்குச் சத்தம் ஆகாது. கிராமபோன் அலறினால் உடம்பே கூசும். ஆபீசில் இதைச் சொன்னதற்குத் தொட்டாற்சிணுங்கி என்று பெயர் வைத்தார்கள். அதன்பின் நான் யாரிடமும் சொல்வதில்லை.

நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் கடைக்காரர் பாட்டை நிறுத்தினார்.

"ஏனுங்க, நல்லாப் பாடிட்டிருந்தத நிறுத்திப்போட்டீங்க?" என்றார் காத்திருந்த ஒருவர்.

"முள்ளு தேஞ்சு போச்சுங்க. மாத்தோணும்."

நான் வரும்போதெல்லாம் இதே பதில்தான். கஞ்சன் என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன். இன்று கண்ணாடிக்குக் கீழே ஒரு டப்பா நிறையப் புது முள் இருப்பதைப் பார்த்தேன்.

"முள்தான் இருக்கிறதே" என்றேன் மெதுவாக.

அவர் குனிந்து, "பாட்டுப் போட்டா உங்க தோளு காது வரைக்கும் ஏறுதுங்க. கழுத்துல கத்தி வெக்கறவனுக்குத் தெரியாதுங்களா?" என்றார், மற்றவர்களுக்குக் கேட்காமல்.

என்னை மாறச் சொல்லாமல் பாட்டை நிறுத்திய முதல் மனிதர் அவர்.

இந்தப் பத்திரிகையை எனக்குப் பெயர் வைத்த ஆபீஸ் நண்பர்களும் படிக்கிறார்கள் என்று தெரியும். அவர்கள் பதில் எழுத இந்தப் பக்கத்தின் அடியில் இடம் விட்டிருக்கிறேன்.