நாற்பத்தேழாம் எண் நிலம்

செப்டம்பர் 20, சனிக்கிழமை. காலை நான்கு ஐம்பதுக்கு எழுந்தேன். ஐந்தேகாலுக்குப் பால் வந்தது. பாக்கெட்டின் தேதியைப் பார்த்து வாங்கி வைத்தேன். பள்ளி அலுவலகத்தில் அரைநாள் வேலை முடித்து, ஒன்றரை மணிக்கு வீடு திரும்பியபோது காய்கறிப் பை வாசலில் இருந்தது. தக்காளிப் பெட்டியின் மேல் ஒரு விவசாயியின் படம், பக்கத்தில் ஒரு கியூஆர் கோடு. கைபேசியைக் காட்டினால் இந்தத் தக்காளியை விளைவித்தவர் யார், எந்த ஊர் என்று வரும். காட்டினேன். தலைப்பாகை கட்டிய ஒருவர் சிரித்தார். கேழ்வரகு மாவுப் பொட்டலத்தில் இருந்த கியூஆருக்கும் காட்டினேன். அதே தலைப்பாகை, அதே சிரிப்பு, வேறு பெயர், வேறு மாவட்டம். இரண்டு பெயர்களையும் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். பிறகு அலமாரியின் மேலிருந்து அந்தப் பலகையை இறக்கி ஈரத்துணியால் துடைத்தேன். மறுநாள் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை.

பலகை ஒரு முழ நீளம். பச்சை வண்ணம் அடித்த பிளைவுட். முன்பக்கத்தில் வெள்ளை எழுத்தில் ‘நிலம் எண் 47’ என்றும், அதற்குக் கீழே ‘உரிமையாளர்’ என்றும், அதற்கும் கீழே கணக்கு மிஸ்ஸின் பெயரும் இருக்கும். மிஸ் எங்கள் பள்ளியில் முப்பது வருடத்துக்கும் மேல் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். நான் அதே பள்ளியின் அலுவலகத்தில் இருப்பவள். அவர் பதவியால் எனக்கு மேலே, வயதால் ஒன்பது வருடம் மூத்தவர். சபையிலோ ஒரே பெஞ்சு. கடைசிவரை அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டேன்.

அறுப்பின் பண்டிகை அன்று, அவரவர் விளைச்சலின் முதல் பங்கை ஆலயத்துக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அவற்றை மண்டபத்தில் ஏலம் விடுவார்கள். இது வயல்வெளி இருந்த காலத்து வழக்கம். தாம்பரத்திலும் இரும்புலியூரிலும் பெரும்பாலும் அடுக்குமாடியில் குடியிருக்கும் எங்கள் சபையாருக்கு ஏது விளைச்சல்? பண்டிகைக்கு முந்தின மாலை மார்க்கெட்டுக்குப் போய்ப் பூசணிக்காய் வாங்குவோம், மறுநாள் அதைக் காணிக்கையாக வைப்போம், ஏலத்தில் இன்னொருவர் வைத்த பூசணிக்காயை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஒவ்வொரு காணிக்கைக்கும் பெயர்ச்சீட்டு எழுதுவது பல வருடமாக என் வேலை. என் கையெழுத்து சீராக இருக்கும் என்பது காரணம். சொந்தமாக விளைந்ததைக் கொண்டுவந்தவர்கள் என்று விரல்விட்டு எண்ணினால் நாலைந்து பேர். அதில் நான் ஒருத்தி. எங்கள் வீட்டு முருங்கைக்காய்க்கு ஏலத்தில் தனிப் போட்டி உண்டு.

மிஸ்ஸுக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. “ஊரான் வெளைச்சத எடுத்துட்டு வந்து ஆண்டவருக்கு முதல் பலன்னு குடுக்கிறோம். பிள்ளைங்க இப்படிக் காப்பி அடிச்சா நான் பேப்பரைக் கிழிச்சிருப்பேன்” என்று ஒருமுறை சொன்னார். அதனால்தான் மூன்று வருடங்களுக்கு முன் ஒரு காய்கறி நிறுவனத்தின் திட்டம் வந்ததும் முதல் ஆளாகச் சேர்ந்தார். கேளம்பாக்கத்துக்கு அப்பால் அவர்களுக்குப் பண்ணை இருந்தது. மாதச் சந்தா கட்டினால் அதில் ஒரு துண்டு நிலம் நம் பெயருக்கு. உழுவது, விதைப்பது, களை எடுப்பது எல்லாம் அவர்கள் ஆட்கள். வாரம் ஒரு கூடை காய் நம் வீட்டு வாசலுக்கு வரும். முன்கூட்டிப் பதிவு செய்தால் சனிக்கிழமையில் போய் நம் நிலத்தைப் பார்க்கலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். மிஸ் ஜூன் மாதம் போய் வந்தார். கைபேசியில் அந்தப் படத்தை எனக்குப் பலமுறை காட்டியிருக்கிறார்: நீல டிரம், அதை ஒட்டிச் சாய்ந்து நிற்கும் ஒரு பப்பாளி மரம், முன்னால் இந்தப் பலகை, பலகையைப் பிடித்தபடி மிஸ். “இந்த வருஷம் என் கூடைக்கு நீ தைரியமா என் பேர் எழுதலாம்” என்றார்.

எனக்கு முதல் கூடையிலிருந்தே சந்தேகம். ஆகஸ்ட் வெயிலில் கேளம்பாக்கத்து மணலில் காலிஃபிளவரும் கேரட்டும் எப்படி வரும்? மிஸ் எனக்குக் கொடுத்த இரண்டு கேரட்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மேல்தோல் முழுக்க மண் ஒட்டியிருந்தது. ஆனால் காம்பைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மண்ணே இல்லை. மண்ணில் கிடந்த காய்க்குப் பள்ளத்தில்தான் மண் அடைந்திருக்கும். கழுவினாலும் கடைசியில் போவது அங்கிருந்துதான். இங்கே மேட்டில் மண், பள்ளம் சுத்தம். ஆகஸ்ட் 18ஆம் தேதிக் குறிப்பில் இதைப் படம் வரைந்து வைத்திருக்கிறேன்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மிஸ் என்னையும் அந்தத் திட்டத்தில் சேரச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஏற்கனவே சபையில் மூன்று குடும்பங்களைச் சேர்த்துவிட்டிருந்தார். எங்கள் பல் டாக்டர் குடும்பம் அதில் ஒன்று. அந்த நிறுவனத்தின் விளம்பரத் தாளில் சிறிய எழுத்தில், ஒருவரைச் சேர்த்துவிட்டால் ஒரு மாதக் காய் இலவசம் என்று இருந்ததை நான் படித்திருந்தேன். ஆக என் சந்தேகம் கேரட்டிலிருந்து ஆளுக்குத் தாவியது. பஸ் ஸ்டாண்டில் அவர் எனக்காக இடம் பிடித்து வைத்தபோதும், காய்ச்சலில் கிடந்த எனக்குக் கஞ்சி கொண்டுவந்தபோதும், இதெல்லாம் அந்த ஒரு மாதக் காய்க்காகவா என்று நினைத்தேன். அந்த மூன்று இலவச மாதங்களை அவர் வாங்கிக்கொண்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவில்லை.

பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, “வா, என் நிலத்தைப் பார். பார்த்துட்டு சேரலாமா வேண்டாமான்னு சொல்லு. வியாழக்கிழமைக்குள்ள பதிவு பண்ணணும்” என்றார். “பதிவு பண்ணாம போவோம் மிஸ்” என்றேன். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். “சரி” என்றார். அந்தச் சரி அவ்வளவு சீக்கிரம் வந்தது இன்றைக்கும் எனக்குப் புதிர்தான். அவரும் கேரட்டின் பள்ளத்தைப் பார்த்திருப்பாரோ?

சனிக்கிழமை காலை தாம்பரத்தில் பஸ் ஏறி, வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பண்ணையை அடைந்தோம். வாசலை ஒட்டி ஆறு பாத்திகள் கோலம் போட்டதுபோல இருந்தன. அதற்கு அப்பால் கண்ணுக்கெட்டியவரை கோரைப்புல். ஆறில் மூன்றாவது பாத்தியின் முன்னால் மிஸ் நின்றுவிட்டார். நீல டிரம், சாய்ந்த பப்பாளி, எல்லாம் படத்தில் இருந்தபடியே இருந்தது. பலகையில் மட்டும் ‘நிலம் எண் 112’ என்றும் பல் டாக்டரின் பெயரும் இருந்தன. அன்று மதியம் டாக்டர் குடும்பம் பார்க்க வருவதாகப் பதிவு செய்திருந்தது பிறகு தெரிந்தது.

பாத்தியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த உள்ளூர்ப் பெண்ணிடம் மிஸ் போய், “ஏம்மா, நாற்பத்தேழு எங்க இருக்கு?” என்று கேட்டார்.

“நாப்பத்தேழா? தோ, ஷெட்ல கீது” என்றாள் அவள். “நீங்க இன்னைக்கா வர்றீங்க? சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா நட்டு வச்சிருப்பமே.”

ஷெட்டுக்குள் பலகைகள் சுவரில் சாய்த்து அடுக்கப்பட்டிருந்தன. அவள் ஒன்றும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை போலும். “இங்க எங்கம்மா கேரட்டு வெளையும்? வண்டியில வரும். கழுவி பளபளன்னு வரும். அப்படியே அனுப்புனா நம்ப மாட்டாங்களாம், கொஞ்சம் மண்ணு தடவி அனுப்புன்றாங்க. தடவுறேன்.” கையைக் காட்டிச் சிரித்தாள்.

அதற்குள் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு மேற்பார்வையாளர் ஓடிவந்தார். “மேடம், நீங்க அப்படிப் பாக்கக் கூடாது. உங்களுக்கு ஒரு ஏரியா அலாட் ஆகியிருக்கு. ஆனா எக்ஸாக்டா இதுதான்னு பாயின்ட் பண்ண முடியாது. எல்லாருக்கும் சேர்த்துதான் நிலம். நாங்க குடுக்கிறது ஒரு ஃபீலிங் மேடம்.”

“நாற்பத்தேழுன்னு ஒண்ணு இருந்தா, அதுக்கு முன்னாடி நாற்பத்தாறு இருக்கும், பின்னாடி நாற்பத்தெட்டு இருக்கும். ரெண்டுல ஒண்ணையாவது காட்டு தம்பி, மீதியை நான் கண்டுபிடிச்சுக்கறேன்.” மிஸ்ஸின் குரல் வகுப்பறையில் இருந்ததுபோலவே நிதானமாக இருந்தது. தம்பி கோரைப்புல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைபேசியைப் பார்த்தார்.

மிஸ் ஷெட்டுக்குள் போய்த் தன் பலகையைத் தானே உருவி எடுத்துக்கொண்டார். “நிலம்தான் எல்லாருக்கும் பொது. பேர் என்னோடதுதானே?” என்று சொல்லிவிட்டு நடந்தார். யாரும் தடுக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அதை மடியில் நிறுத்தி வைத்திருந்தார். கண்டக்டர் எட்டிப் படித்துவிட்டு, “இன்னாம்மா, எலக்‌ஷன்ல நிக்கிறியா?” என்றார். “தோத்துட்டு வர்றேன்பா” என்றார் மிஸ். பஸ்ஸே சிரித்தது. வண்டலூர் தாண்டியது. பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி, “மூணு குடும்பத்தை நான்தான் இழுத்து விட்டேன்” என்றார்.

மறுநாளே மூன்று வீட்டுக்கும் நேரில் போய்ச் சொன்னார். இரண்டு குடும்பங்கள் விலகின. பல் டாக்டரின் மனைவி மட்டும், “காய் நல்லாத்தானே இருக்கு மிஸ்? டெலிவரியும் கரெக்டா வருது. நிலம் எங்க இருந்தா நமக்கென்ன?” என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து நான் இதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அந்த நிறுவனம் விற்றது காயை அல்ல. காய் மார்க்கெட்டிலேயே மலிவாகக் கிடைக்கிறது. ‘இது என்னுடையது’ என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்பை விற்றது. அந்தச் சரக்குக்கு உழவும் வேண்டாம், மழையும் வேண்டாம், ஒரு பலகையும் ஒரு பிடி மண்ணும் போதும். வாங்குகிறவருக்கே அது பொய் என்று தெரிந்த பிறகும் விலை இறங்குவதில்லை.

பண்டிகை அன்று வழக்கம்போல மண்டபத்தில் மேஜை போட்டுச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். மிஸ் கூடையுடன் வந்தார். “என்ன எழுதட்டும் மிஸ்?” என்று கேட்டேன். “நீ ஒண்ணும் எழுத வேண்டாம். நானே எழுதிட்டு வந்துட்டேன்” என்று பையிலிருந்து அந்தப் பலகையை எடுத்துத் திருப்பி, கூடையின் மேல் சாய்த்து வைத்தார். பின்பக்கத்தில், கரும்பலகையில் எழுதுவது போன்ற குண்டு எழுத்தில், ‘சந்தையில் வாங்கியது’ என்று இருந்தது. கூடை முழுக்க மார்க்கெட்டுக் கேரட். ஏலம் விட்ட பாடகர் குழுத் தலைவர் அதைச் சத்தமாகப் படித்தார். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, மண்டபம் முழுக்க மேஜை மேஜையாகக் குவிந்திருந்த பூசணிக்காய்களுக்கு நடுவே, சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதைச் சொல்வதற்கு அல்ல. பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்த மிஸ், என் மேஜையின் ஓரத்தில் இருந்த முருங்கைக்காய்க் கட்டைப் பார்த்தார். அதன் மேல் என் சீரான கையெழுத்தில் ‘வீட்டு முருங்கை’ என்று சீட்டு இருந்தது. எனக்கு மட்டும் கேட்கும்படி, “உன் முருங்கைக்கும் ஒரு பலகை எழுதட்டுமா?” என்றார்.

எங்கள் முருங்கை மரம் அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே புயலில் வேரோடு சாய்ந்துவிட்டது. முதல் வருடம் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி வைத்தேன். அதற்கடுத்த வருடத்திலிருந்து மார்க்கெட். சீட்டு எழுதுவது நான்தான் என்பதால் சீட்டு மாறவில்லை. என் தெரு அவர் பஸ்ஸுக்குப் போகும் வழி. மரம் இல்லாத மதிலை அவர் தினமும் பார்த்திருக்கிறார். இத்தனை வருடமும் பார்த்துக்கொண்டே, என் முருங்கைக்காயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானோ ஒரே மாதத்தில் அவருடைய கேரட்டைப் படம் வரைந்து வைத்தேன்.

நான் அடுத்தவருடைய சீட்டை எழுதத் தொடங்கினேன். என் சீட்டை எடுக்கவில்லை. அன்று அந்தக் கட்டைப் பல் டாக்டரின் மனைவிதான் ஏலத்தில் எடுத்தார். “வீட்டுக் காய் வாசனையே தனி” என்று முகர்ந்து பார்த்தார். அன்றைய நாட்குறிப்பில் பாடிய பாட்டுகளின் வரிசை இருக்கிறது, மேஜைகளின் எண்ணிக்கை இருக்கிறது, மழை தூறிய நேரம் இருக்கிறது. இது இல்லை.

அடுத்த இரண்டு வருடமும் நான் முருங்கைக்காய் கொண்டுபோகவில்லை. உப்பு வைத்தேன். உப்பை யாரும் எங்கள் வீட்டில் விளைந்தது என்று நினைக்க மாட்டார்கள். அந்த இரண்டு பண்டிகைகளில் முதலாவதில் மிஸ் என் பொட்டலத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்ததோடு சரி. சென்ற வருடம் தவக்காலத்தில் அவர் இறந்துபோனார். இரும்புலியூர் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்த அவருடைய தங்கை, பழைய செய்தித்தாளில் சுற்றிய இந்தப் பலகையை என் கையில் கொடுத்தார். மேலே ஒரு துண்டுச் சீட்டில் என் பெயரும், அதன் கீழ் ‘முருங்கைக்கு’ என்ற ஒரு சொல்லும் இருந்தன. “உங்க வீட்ல முருங்கை மரம் இருக்காக்கா?” என்று தங்கை கேட்டார். “இருந்தது” என்றேன். மரத்தைப் பற்றி நான் வாய்விட்டு உண்மை சொன்னது அதுதான் முதல் முறை. அப்படியும் சென்ற வருடப் பண்டிகைக்கு உப்புத்தான் வைத்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு. எழுந்ததும், காப்பி போடுவதற்கு முன்பே, பையை எடுத்துக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனேன். முருங்கைக்காயில் ஒன்றை முறுக்கிப் பார்த்தேன். “எந்த ஊர்க் காய்?” என்று கேட்டேன். “லாரிக் காய்க்கா. எந்த ஊருன்னு லாரிக்காரனைத்தான் கேக்கணும்” என்றாள் கடைக்காரி. ஒரு கட்டு வாங்கி வந்து கூடையில் வைத்து, பலகையைத் திருப்பி, மிஸ்ஸின் குண்டு எழுத்து தெரியும்படி அதன் மேல் சாய்த்தேன்.