நாலாயிரத்தில் மாறும் சத்தம்

என் காரை ஓட்டிப் பார்க்கிறவர்கள் எல்லாரும் "சாதுவான காடி லா" என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பித் தருவார்கள். காரை இங்கே காடி என்றுதான் சொல்வோம். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். பெண்டாங் கடைத்தெருவில் இரண்டாயிரம் சுற்றுக்குள் உருட்டிவிட்டு ஒரு என்ஜினைச் சாது என்று சொல்ல இவர்கள் யார்? வேலைக்கும் பசாருக்கும் போய்வருகிற சாமானியக் கார்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காலை நன்றாக அழுத்தி, முள் நாலாயிரத்தைத் தொடும்வரை பொறுத்திருந்தால் சத்தம் மாறும். முனகல் போய்க் கணீரென்று ஒரு குரல் வரும். அது உதைத்துத் தள்ளாது. யாரோ முதுகில் கை வைத்து "போ, போ" என்று அனுப்புகிற மாதிரி இருக்கும்.

அதை எனக்குக் காட்டியவர் என் அண்ணன். திகாம் பத்துவில் வீட்டை ஒட்டியே கார் பழுதுபார்க்கும் வொர்க்‌ஷாப் வைத்திருந்தார். எனக்கு ஆறு வயது மூத்தவர். எனக்கு இருந்த கூடப்பிறப்பு அவர் ஒருவர்தான். கார் வாங்கிய அன்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, குரூண் மேட்டில் "அழுத்துடா" என்றார். அழுத்தினேன். சத்தம் மாறியதும் பயந்து காலை எடுத்துவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"பழைய காடிக்கெல்லாம் வால்வு தெறக்குற நேரம் ஒண்ணுதான்டா. கீழ நல்லா இழுக்கும், மேல போனா மூச்சு வாங்கும். இது அப்பிடி இல்ல. மெதுவா போனா ஒரு நேரம், வெரட்டுனா வேற நேரம். தானே மாத்திக்கும்."

"யாருண்ணே மாத்துறா?"

"மிஞ்யா ஈத்தாம்தான். அதுதான் போய்த் தள்ளி விடுது. அது மட்டும் கெட்டியாச்சு, எல்லாம் போச்சு. எங்கயும் போவாத, எங்கிட்டயே வந்து மாத்திக்கோ."

என்ஜின் எண்ணெயை இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வோம், கறுப்பு எண்ணெய் என்று. ஐந்து வருஷம் அவரிடமேதான் மாற்றினேன். எண்ணெய் வடிகிற நேரத்தில் அண்ணி மீ கோரெங் நூடுல்ஸ் பிரட்டித் தருவார், தின்றுகொண்டே ஊர்க்கதை பேசுவோம். அண்ணன் காருக்கு அடியில் படுத்தபடியே, வாசலில் வந்து நிற்பது யார் என்று சத்தத்தை வைத்துச் சொல்லுவார். "ரொட்டிக்காரரு. பெல்ட்டு கத்துது பாரு." நான் எட்டிப் பார்த்தால் ரொட்டிக்காரர்தான் இறங்கிக்கொண்டிருப்பார். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. கடைசியில் அடுத்த முறை எத்தனையாவது கிலோமீட்டரில் வரவேண்டும் என்று அவர் கையாலேயே எழுதி, கண்ணாடி மூலையில் ஒரு தாளை ஒட்டி அனுப்புவார்.

பிறகு அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. கார்டைப் பிரித்தேன். தாய்மாமன்மார் நாலு பேர் பெயரும் வரிசையாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா, அத்தை எல்லாம் இருந்தார்கள். பெண்ணின் சித்தப்பா, ஒரே சித்தப்பா, எங்குமே இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். போன் போட்டேன்.

"அடடா," என்றார் அண்ணன். "அவசரத்துல மறந்துட்டேன்டா. நம்ம வீட்டு ஆளுதானே, நீ போயி இதெல்லாம் பாப்பியா?"

வேறு எது சொல்லியிருந்தாலும் ஆறியிருப்பேன். அச்சகத்துக்காரன் விட்டுவிட்டான் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மறந்துட்டேன் என்கிறார் மனுஷன்! "மறந்தது மறந்ததாவே இருக்கட்டும்" என்று போனை வைத்தேன். கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்று முழுக்க வீட்டில் உட்கார்ந்து காரைக் கழுவினேன், இரண்டு தடவை.

அதோடு பேச்சு நின்றது. எண்ணெய் மாற்றுவதும் நின்றது. கண்ணாடித் தாளில் எழுதியிருந்த கணக்கு தாண்டிப் போனது. பெண்டாங்கில் வேறு வொர்க்‌ஷாப்புக்கு ஒரு நாள் போனேன். அந்த ஆள் பானெட்டைத் தூக்கி, அண்ணன் துடைத்து வைத்திருந்த என்ஜின் மேல் கையை ஊன்றினான். "வேண்டாம் பாஸ்" என்று மூடிக் கிளம்பிவிட்டேன். அண்ணன் மேல் அவ்வளவு கோபம், ஆனால் அவர் கை வைத்த இடத்தில் இன்னொருவன் கை வைக்கப் பொறுக்கவில்லை. இந்தக் கிறுக்குத்தனத்துக்கு என்ன பெயர் வைப்பதென்று இன்றுவரை தெரியவில்லை. எண்ணெய் குறைந்தால் பெட்ரோல் நிலையத்தில் ஒரு டின் வாங்கி ஊற்றிக்கொள்வேன், பழையதன் மேலேயே. மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அதன் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினேன்.

கார் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தது. சிவப்பு விளக்கில் நின்றால் உடம்பெல்லாம் உதறும். அழுத்தினால் மூவாயிரத்திலேயே அடைத்துக்கொள்ளும். அந்த இரண்டாவது குரலைக் கேட்டே மாதங்கள் ஆகியிருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தஞ்சோங் டாவாயில் மீன் வாங்கி வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, வழியே இல்லாத வழியாகச் சுற்றித் திகாம் பத்துவுக்குப் போனேன். வொர்க்‌ஷாப் முன்னால் மெதுவாகப் போனேன். வாசலில் அண்ணன் நின்றிருந்தார், இளைத்த மாதிரி தெரிந்தார். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நான் நேராகப் பார்த்துக்கொண்டு போய்விட்டேன். அன்று சாயந்தரம் அண்ணி போன் செய்தார்.

"தம்பி, உங்க அண்ணன் சொல்லச் சொன்னாரு. காடி சத்தம் சரியில்லியாம். ஒடனே மிஞ்யா ஈத்தாம் மாத்தணுமாம். இங்க வரப் பிடிக்கலன்னா வேற எங்கயாச்சும் மாத்திக்கச் சொன்னாரு."

"எனக்கு ஒரு காடி இருக்குன்னு அவருக்கு ஞாபகம் இருக்கா அண்ணி?"

அண்ணி "சரி தம்பி" என்று வைத்துவிட்டார். அப்படிக் கேட்ட என் வாயில் சூடு போடவேண்டும் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

நாலு மாதம் கழித்து, ஒரு காலையில் மறுபடி அண்ணியின் போன். அண்ணனுக்கு ஈரல் கெட்டுவிட்டது, ரொம்ப நாளாகவே முடியவில்லை, என்னிடம் சொல்லக்கூடாது என்று தடுத்து வைத்திருந்தாராம். ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். "காலையிலேர்ந்து ஒங்களத்தான் கேக்குறாரு. வந்துருங்க தம்பி."

நான் வேலை செய்கிற நெல் ஆலையில் சொல்லிவிட்டு அப்படியே கிளம்பினேன். குரூண் மேட்டில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரே யாரும் இல்லை. வெளியே எடுத்து முழுக்க அழுத்தினேன். என்ஜின் கத்தியது, கார் நகரவில்லை. மூவாயிரத்தில் அடைத்துக்கொண்டு நின்றது. மறுபடி லாரிக்குப் பின்னாலேயே ஒதுங்கினேன். மூன்று தடவை முயன்றேன். "சனியனே, போயேன்!" என்று ஸ்டீயரிங்கைக் குத்தினேன். யார் சனியன் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

வீட்டு வாசலில் நிறுத்தினேன். இறங்கவில்லை.

இதைத்தான் சொல்ல முடியாமல் இத்தனை நேரம் காரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். இறங்கவில்லை நான். முதலில் என்ன பேசுவது என்று தெரியவில்லை. அதைவிட, பாழாய்ப்போன வீம்பு ஒன்று உள்ளே மிச்சம் இருந்தது. யாராவது வெளியே வந்து வாங்க என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் போய்விடலாம் என்று பார்த்தேன். என்ஜினை அணைக்காமல், அது உதறுகிற உதறலில் நானும் உதறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷம் இருக்கும். உள்ளேயிருந்து அண்ணி அலறினார்.

ஓடினேன். அண்ணன் சன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். கை சூடாக இருந்தது. அண்ணே, அண்ணே என்று எவ்வளவோ கூப்பிட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு, பூட்டிக் கிடந்த வொர்க்‌ஷாப்பைத் திறந்து காரை உள்ளே ஏற்றினேன். காருக்கு அடியில் அண்ணன் படுக்கிற பலகையிலேயே படுத்து எண்ணெயை வடித்தேன். தார் மாதிரி வந்தது. வால்வு நேரத்தை மாற்ற எண்ணெயைத் திறந்துவிடுகிற ஒரு சின்ன உருப்படியைக் கழற்றிப் பார்த்தேன். அதன் வடிகட்டி வலை முழுக்கக் கறுப்புச் சேறு. அவர் செய்து நான் பார்த்த மாதிரியே கழுவி, பூட்டி, புது எண்ணெய் ஊற்றி ஸ்டார்ட் செய்தேன். முதலில் கொஞ்சம் தடுமாறியது. பிறகு உதறல் நின்றது. மெதுவாக அழுத்தினேன். முள் ஏறி, நாலாயிரத்தில் அந்தக் குரல் கணீரென்று வந்தது.

அண்ணி ஈரக்கையோடு சமையல்கட்டிலிருந்து ஓடிவந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு என் காரையே பார்த்தார்.

"இந்தச் சத்தத்துக்குத்தான் தம்பி காதத் தீட்டிக்கிட்டுக் கெடந்தாரு. எந்தக் காடி வந்தாலும், இது அவன் இல்ல, இது அவன் இல்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

நான் என்ஜினை அணைத்தேன்.

"கடைசியா ஒண்ணு வந்து நின்னுச்சு. அடுப்புல கஞ்சி இருந்துச்சு, நான் அங்கேர்ந்தே கேட்டேன், யாரோ வந்துருக்காங்க போல, தம்பியான்னு. இந்த ஒதறு ஒதறுது, இது அவன் இல்லன்னாரு. சத்தத்துல அவரு தப்பா சொல்லி நான் பாத்ததில்லியே தம்பி, அதான் நான் வெளிய வந்து பாக்கல." முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். "அவன் காடியா இருக்காது, நான்தான் சொல்லி விட்டேன்ல, அவன் மிஞ்யா ஈத்தாம் மாத்தியிருப்பான்னாரு."