சேர் கழற்றிய கார்

ஸ்க்ரூட்ரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, அதன் பிடியைக் காதோடு அழுத்திக் கண்களை மூடிக்கொள்கிறார் ஜூட்சன் சேர். வட்டவளை பஸ் தரிப்பிடத்தில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்கும் டாக்டருக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடைக்காது. "மூணாவது வால்வுக்கு இன்னைக்கு மனசு சரியில்ல," என்று கடைசியில் சொல்வார். பஸ் தரிப்பிடமே பெருமூச்சு விடும்.

தோட்டப் பாடசாலையில் கணிதம் கற்பிக்கும் அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருடைய மொரிஸ் மைனர் கார் அவரைவிடப் பத்து வயது மூத்தது. எந்தக் கராஜிலும் அவர் தொழில் பழகியதில்லை. கழற்றிப் பழகினார், கழற்றியதைத் திரும்பப் பூட்ட முடியாமல் தவித்து, இன்னும் நன்றாகப் பழகினார்.

முதல் பாடம் காபரேட்டர். கழற்றிய ஒவ்வொரு துண்டுக்கும் வகுப்பறைச் சோக்கால் இலக்கமிட்டு, வாசலில் விரித்த சாக்கில் வரிசையாக அடுக்கிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்க உள்ளே போனார். வட்டவளைப் பனி யாரைக் கேட்டுக்கொண்டு இறங்குகிறது? திரும்பி வந்தபோது ஓர் இலக்கம்கூட மிச்சமில்லை. முப்பத்தொரு துண்டுகளும் பெயரில்லாத அநாதைகளாய் நனைந்து கிடந்தன. பதினொரு நாள் பூட்டினார், கழற்றினார், மறுபடி பூட்டினார். பன்னிரண்டாம் நாள் எஞ்சின் உறுமியது. சாக்கில் மூன்று துண்டுகள் மீதி. "அதுங்க வேணாம்னு காரே சொல்லிருச்சு," என்றார் சேர். அம்மூன்றும் இன்றுவரை ஒரு பால்மா டின்னுக்குள் வாழ்கின்றன.

இப்போது யூடியூபிலும் படிக்கிறார். ஆனால் சிக்னல் கிடைப்பது வீட்டுக்கு மேலே, தேயிலை மலை உச்சியில். அங்கே பார்த்ததை மனப்பாடம் செய்துகொண்டு காரை நோக்கி ஓடி வருவார். பாதி வழியில் பாதி மறந்துவிடும். மறந்த பாதியைத்தான் அவர் அனுபவம் என்கிறார்.

காரை எப்போதும் இறக்கத்தைப் பார்த்தே நிறுத்துவார். தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வரும் பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துத் தள்ளிவிடுவார்கள். "காரு ஒங்களுது, தள்ளுறது நாங்க. லைசன்ஸ எங்க பேருல எடுங்க சேர்," என்பாள் அவர்களில் ஒருத்தியான வேலாயி.

இருபத்துநான்கு வருடமாகக் காருக்கடியில் டோர்ச் பிடித்து, கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தவள் மனைவி டோரீன். அவளுக்கும் பொறுமைக்கு ஓர் எல்லை இருந்தது. போன சனிக்கிழமை, ஹட்டனில் அவளுடைய அண்ணன் மகன் மிலானுக்குக் கல்யாணம். தாலி டோரீனின் கைப்பையில். ஏறும்போதே சொல்லிவிட்டாள்:

"இன்னைக்கு நடுவழியில நின்னுச்சுன்னா, திங்கக்கெழம பழைய இரும்புக்காரர வரச் சொல்லிருவேன். நம்பர் வச்சிருக்கேன்."

சேர் நெஞ்சில் கை வைத்தார். பிறகு அதே கையால் ஸ்டியரிங்கைத் தடவி, "காதுல விழுந்துச்சா?" என்று காரிடம் கெஞ்சினார்.

விழவில்லை. ஹட்டனுக்கு ஏறும் வளைவொன்றில் கார் நின்றது. ஏற்றம்; தள்ளிப் பயனில்லை. கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பொனட்டுக்குள் குனிந்தார் சேர். பிளக்கைப் பார்த்தார், வயர்களை இழுத்தார். ஓடாத எஞ்சினிடம் ஸ்க்ரூட்ரைவர் வைத்துக் கேட்க என்ன இருக்கிறது? வெள்ளைச் சட்டை கறுத்தது. அவர் கண்களில் தேங்கியது கண்ணீரா, பெற்றோல் ஆவியா, யார் கண்டார்?

டோரீனின் ஃபோன் அலறியது. "அத்தே, ஃபாதர் சர்ச்சுக்கு வந்துட்டாரு! தாலி எங்க?" என்றான் மிலான்.

"தாலி வந்துகிட்டு இருக்கு," என்று ஃபோனை வைத்துவிட்டு, காருக்குள் இருந்தபடியே கேட்டாள்: "என்னாங்க, சாவி போட்டுத்தானே இருக்கு? டிக் டிக்னு ஒரு சத்தம் வருமே, அத காணோம். பெற்றோல் பம்பு தூங்குதுங்க."

சேர் பொனட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் இறங்கினாள். கைப்பையைத் திறந்து, தாலிப் பெட்டிக்கு அடியிலிருந்து அரை அங்குல ஸ்பேனர் ஒன்றை எடுத்தாள். பம்பை, குழந்தையின் முதுகில் தட்டுவதுபோல் இரண்டு தட்டுத் தட்டினாள்.

டிக். டிக். டிக்.

"அப்போ... அந்த இரும்புக்காரரு..." என்றார் சேர், பொனட்டை மூடியபடி.

"ஏறுங்க, நேரமாச்சு." மல்லிகை மணக்கும் கைக்குட்டையால் ஸ்பேனரை ஒருமுறை துடைத்து, தாலிப் பெட்டிக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துக் கைப்பையை மூடினாள் டோரீன்.