வெர்லினிடம் இருக்கும் இரண்டு துப்பாக்கிகள்

யானை, ஒட்டகம், கரடி என்று குழந்தைகள் தின்கிற பிஸ்கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையின் மேல் நிற்க வைக்கிறார் வெர்லின் கட்லிப். கால் உடைந்தது அவர் வாய்க்கு, நிற்கிறது பலகைக்கு. பிறகு இருபதடி தள்ளி வந்து, காதுக்கு அடைப்பான் மாட்டிக்கொண்டு, துப்பாக்கி பிடித்த ஒற்றைக் கையை நீட்டிச் சுடுகிறார். பட்டென்று ஒரு சின்னச் சத்தம். ஒட்டகம் இருந்த இடத்தில் கொஞ்சம் மாவு பறக்கிறது. நாங்கள் அங்கிருந்து கிளம்பியதும் குருவிகள் வந்து மிச்சத்தைக் கவனித்துக்கொள்ளும்.

ஒஹாயோவின் தென்கிழக்கு மூலையில் எங்கள் ஊர். நான் அங்கே பதினேழு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலையானால் ஊரில் பாதிப்பேர் இந்தத் துப்பாக்கி சுடும் கிளப்பில்தான் இருப்பார்கள். மற்றவர்கள் தோள் அதிரும் பெரிய சாமான்களைக் கொண்டுவருவார்கள். வெர்லினிடம் இருப்பது 'பாயின்ட் இருபத்திரண்டு' என்கிற சின்ன ரகப் பிஸ்டல் ஒன்று. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமான தோட்டா, பத்து போடலாம். ஐம்பத்தெட்டு வயதில், வீட்டு ஹீட்டர் ரிப்பேர் செய்து தடித்துப்போன அந்தக் கைக்குள் அது விளையாட்டுச் சாமான் போலத்தான் தெரியும்.

"என்ன வெர்லின், கொசு அடிக்கிறியா?" என்று பக்கத்து மேசையிலிருந்து யாராவது சீண்டுவார்கள்.

"நான் அடிச்சா கொசு மேல படும். நீ அடிச்சா பக்கத்து ஊர் மாடுதான்யா மிரளுது" என்பார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

துப்பாக்கியைக் கிழவி என்றுதான் சொல்வார். இந்தச் சின்னத் தோட்டாக்கள் பத்தில் ஒன்று வெடிக்காமல் மக்கர் பண்ணும். உடனே கீழே வைக்க மாட்டார். துப்பாக்கியின் வாயைப் பலகைப் பக்கமே வைத்து முப்பது எண்ணுவார், அப்புறம்தான் தோட்டாவை வெளியே எடுப்பார். "கிழவிக்கு இந்தத் தோட்டாப் பெட்டி ஒத்துக்கல, மருந்துக்காரரே. செரிக்க மாட்டேங்குது. உங்க கடையில ஏதாச்சும் சூரணம் இருந்தா குடுங்க" என்று என்னை வம்புக்கு இழுப்பார். எந்தப் பெட்டி செரித்தது, எது செரிக்கவில்லை என்பது அவருக்கு மனப்பாடம். மனைவி ஆர்லீன் பிறந்தநாள் மட்டும் வருடா வருடம் மறந்துபோகும்.

இத்தனை வருடத்தில் இவரைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேன். போன ஏப்ரலில் அவர் வீட்டுக்குப் போனபோது சமையலறை மேசையில் துணி விரித்து ஒரு துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதே இருபத்திரண்டுதான். ஆனால் பிடி மரத்தால் ஆனது. கிழவியின் பிடி கறுப்பு ரப்பர். எண்ணெய் போட்டு, துடைத்து, பெட்டியில் வைத்து, பூட்டி, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானும் மாட்டினார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "இன்னொண்ணு வாங்கினீங்களா? சொல்லவே இல்லையே!" என்றேன்.

"என்னுது இல்ல."

"சுட்டுப் பார்த்தீங்களா?"

"அடுத்தவன் சாமானை நான் எதுக்குங்க சுடணும்?"

இரண்டு காபி குடித்த பிறகுதான் மீதி வந்தது. அது லோவெல் ஹப்புடையது. லோவெல் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், வெர்லினோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். இலையுதிர்காலத்தில் மனைவி நெடீன் இறந்துபோனார். பிப்ரவரியில் ஒருநாள், இனி இருந்து என்ன ஆகப்போகிறது என்கிற மாதிரி லோவெல் போனில் பேசிய விதம் வெர்லினுக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் ஊரில் ஒருவனிடம் என்ன சம்பளம் என்று கேட்கலாம், யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்றுகூடக் கேட்கலாம். உன் துப்பாக்கியைக் கொடு என்று மட்டும் கேட்க முடியாது. வெர்லின் ஹீட்டர் பார்க்கும் சாக்கில் பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். ஹீட்டருக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்து திருகாணியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்.

"அப்புறம் கேட்டுட்டேன். 'டேய், அந்தப் பெட்டி கொஞ்ச நாள் எங்கிட்ட இருக்கட்டும்'னேன். 'எதுக்கு?'ன்னான். 'எதுக்குன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், எடுத்துட்டு வாடா'ன்னேன். ஒரே ஒரு துப்பாக்கிதான் வெச்சிருக்கான். கொண்டாந்து காலடியில வெச்சான். கதவைப் படார்னு சாத்தினான் பாருங்க! ரெண்டு மாசமாப் பேச்சு இல்ல."

"இப்ப?"

"நேத்து போன் பண்ணான். மே மாசம் முதல் சனிக்கிழமை கிளப்புக்கு வர்றேன், என் பெட்டியைக் கொண்டான்னான். அவ்வளவுதான். வெச்சுட்டான்." வெர்லின் கோப்பையை நகர்த்தினார். "அவன் பொருள். கேட்டா குடுத்தாகணும். குடுத்துட்டு வந்து நான் எப்படிங்க தூங்குவேன்? பயமா இருக்கு." அவர் பயம் என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அந்தச் சனிக்கிழமை நான் கடையை ஆளிடம் விட்டுவிட்டு எட்டு மணிக்கே போய்விட்டேன். லோவெல் வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார், ஆனால் முகம் மழித்திருந்தது. வெர்லின் பெட்டியைத் திறந்து, தோட்டா இல்லை என்று தெரிய மேல்பகுதியைப் பின்னால் இழுத்துவைத்து நீட்டினார். லோவெலும் வழக்கப்படி விரல்விட்டுப் பார்த்துக்கொண்டார்.

வெர்லின் ஐந்து பிஸ்கட் நிறுத்தினார். லோவெலின் முதல் தோட்டா ஆகாயத்துக்குப் போனது.

"கை துருப்பிடிச்சிருச்சுடா" என்றார் லோவெல்.

"கை எப்பவும் அப்படித்தான். துப்பாக்கியைக் குத்தம் சொல்லாத வரைக்கும் சரி" என்றார் வெர்லின்.

அடுத்தது கரடி போனது. பிறகு யானை. லோவெல் சிரித்தார், சத்தமாகவே. ஒரு டப்பா பிஸ்கட் தீர்ந்தது. அதன்பின் அவரே உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்தார், பெட்டியில் வைத்துப் பூட்டினார், சாவியை உருவினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டிகள் நிற்கும் இடத்துக்கு நடந்தார். வெர்லின் பின்னாலேயே போனார். நான் அவருக்குப் பின்னால்.

லோவெல் தன் வண்டியைத் தாண்டிப் போனார். வெர்லினுடைய பழைய பிக்கப் லாரியின் கதவைத் திறந்து, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் பெட்டியை வைத்தார். சாவியை நீட்டினார்.

"இன்னும் கொஞ்ச நாள் உங்கிட்டயே இருக்கட்டும்டா. ராத்திரிங்க இன்னும் சரியில்ல. அடுத்த சனிக்கிழமை கொண்டா."

வெர்லின் சாவியை வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினார். லோவெலின் வண்டி சாலைக்குத் திரும்பும்வரை நின்றார். பிறகு லாரியில் ஏறி, எட்டி, அந்தப் பெட்டிக்கு சீட் பெல்ட் போட்டுவிட்டார்.