மூணு மெடலும் ஓர் அண்டாவும்

அந்தத் தெருவில் அவரை 'மூணு மெடல்' என்று சொன்னால்தான் தெரியும். சலூன்காரர் வைத்த பெயர் அது. பட்டாளத்தில் எட்டு வருஷத்துக்கு மேல் சமையல்காரராக இருந்துவிட்டு வந்து, அப்புறம் ஆஸ்பத்திரி கேன்டீனில் கரண்டி பிடித்து ஓய்வு பெற்றவர். ஆனால் கேன்டீனைப் பற்றி அவர் வாயைத் திறந்து யாரும் கேட்டதில்லை. திறந்தால் பட்டாளம்தான். பட்டாளத்திலும் மூன்று மெடல்தான்.

அவர் மனைவி, வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருந்தாள். அளவு கொடுக்க வருகிற பெண்கள் உட்காரும் நாற்காலியில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அவர் உட்கார்ந்துகொள்வார். முப்பத்தாறு வருஷமாக அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு, எந்த இடத்தில் அவர் குரலைத் தாழ்த்துவார், எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. முதல் மெடல் நீண்ட நாள் சேவைக்கு. இரண்டாவது பந்து விளையாட்டில் ஜெயித்ததற்கு. மூன்றாவதுதான் பெரிய மெடல். அக்கரையில் நாற்பது பேர் பசியோடு கிடக்கிறார்கள். ஆற்றில் மார்பு வரை தண்ணீர். மேலே குண்டு பறக்கிறது. இவர் சாப்பாட்டு அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதிகாரி எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, இவர் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். மெடல் மட்டும் கைக்கு வரவில்லை. வருவதற்குள் இவர் வேறு முகாமுக்கு மாற்றலாகிவிட்டார்.

"அண்டாவை வெச்சிக்கிட்டு குண்டுக்கு எப்படிங்க குனிஞ்சீங்க?" என்று அவள் ஒருமுறை கேட்டாள். இரண்டு நாள் அவர் பேசவில்லை. அதற்கப்புறம் அவள் கேட்பதில்லை.

இந்தக் கதைக்குச் சோதனை வந்தது முன்னாள் படைவீரர் சங்கத்தின் வழியாக. சங்கக் கட்டடத்தில் ஒரு பலகை வைப்பதென்றும், உறுப்பினர் ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் அவர் வாங்கிய விருதுகளை எழுதுவதென்றும் முடிவானது. சங்கச் செயலாளர் பட்டாளத்தில் எழுத்தராக இருந்தவர். அவருக்கு மனிதர் சொல்வது காதில் விழாது. காகிதம் சொன்னால்தான் விழும். எல்லோருடைய பணிப் பதிவேட்டு நகலையும் வரவழைத்தார். மூணு மெடலுடைய நகலில் 'விருதுகள்' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டிருந்தது. சின்னக் கோடு. அரை அங்குலம்கூட இருக்காது.

அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, மூணையும் எழுதிட்டாங்களா?"

"கோடு போட்டிருக்கான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நூலைப் பல்லால் கடிக்கிற சாக்கில் அடக்கிக்கொண்டாள். ஆனால் அவர் டீயைப் பாதி வைத்துவிட்டு எழுந்து போனதைப் பார்த்ததும் சிரிப்பு தானாக நின்றுவிட்டது. சாயங்காலம் சலூன் பக்கமும் அவர் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் அவள் மிஷினை மூடிவிட்டு, துணி வெட்டுகிற மேஜையைத் துடைத்து, நான்கு முழுத் தாளை எடுத்துப் போட்டாள். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

"சொல்லுங்க, எழுதறேன். ஆனா என்கிட்ட சொல்ற மாதிரி சொல்லாதீங்க. கவர்மென்ட்டுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

அது அவருக்கு வரவில்லை. ஆற்றங்கரைக்கு வந்து சேரவே மூன்று பக்கம் ஆனது. அவள் அதை எல்லாம் சுருக்கி, 'பணிப் பதிவேட்டில் விடுபட்ட விருதுகளைச் சேர்க்கக் கோரும் மனு' என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கத்தில் அடக்கினாள். அவர் கையெழுத்துப் போட்டார். குண்டு மழை என்று சொன்னதைக் காணோமே என்று ஒரு குறை மட்டும் பட்டுக்கொண்டார்.

பதிவு அலுவலகத்திலிருந்து நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான கடிதம். சேவைப் பதக்கம் ஒன்பது வருஷம் முடித்தவர்களுக்கு உரியது. மனுதாரர் எட்டு வருஷம் பத்து மாதம் பணியாற்றியிருப்பதால் அதற்குத் தகுதி இல்லை. இரண்டாவது பதக்கம் முகாமுக்குள் நடந்த விளையாட்டுப் போட்டியில் கொடுக்கப்பட்டது. அது அரசு விருதாகாது. மேலும் அந்த அணியில் மனுதாரர் மாற்று ஆட்டக்காரராகவே இருந்திருக்கிறார். மூன்றாவதற்கு அவர் சொன்ன தேதியில் எந்த ஆணையும் காணப்படவில்லை. அந்தத் தேதியில் அவர் விடுப்பில் இருந்ததாகத் தெரிகிறது. நேரில் கண்டவர் யாராவது இருந்தால் பிரமாணப் பத்திரம் அனுப்பலாம்.

அவள் இரண்டு தரம் வாசித்தாள். "மாற்று ஆட்டக்காரரா?"

"கடைசி அஞ்சு நிமிஷம் இறங்கினேன்" என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

நேரில் கண்டவர் என்று ஒரே ஒருவர்தான் நினைவுக்கு வந்தார். அதே முகாமில் ஒயர்லெஸ் கருவி சுமந்தவர், இவரைவிட நான்கு வயது இளையவர். அவரைப் பற்றி வீட்டில் இதுவரை ஒரு பேச்சும் வந்ததில்லை என்பது அவளுக்கு ஆச்சரியம். செயலாளர், எவ்வளவு கறாரானாலும், பழைய பட்டியல்களைப் புரட்டி விலாசம் எடுத்துக் கொடுத்தார். மூன்று மணி நேர பஸ் பயணம். இவர் தனியாகப் போய்வருகிறேன் என்றார். அப்படிச் சொன்ன விதத்திலேயே அவளுக்குச் சந்தேகம் தட்டியது. தைத்துக் கொடுக்க வேண்டியதை எல்லாம் முதல் நாளே முடித்துவிட்டுக் கூடவே கிளம்பினாள்.

ஒயர்லெஸ்காரர் இப்போது கடிகாரம் பழுது பார்க்கிறார். ஓர் ஆள் உட்காரலாம், இன்னொரு ஆள் நிற்கலாம், அவ்வளவுதான் கடை. கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தவர், அதைக் கழற்றாமலே எழுந்து வந்து இவரைக் கட்டிக்கொண்டார். அவளை அண்ணி என்று கூப்பிட்டு, தன் முக்காலியைத் துடைத்துக் கொடுத்தார். விசாரிப்பெல்லாம் முடிந்ததும் அவள் மனுவின் நகலை நீட்டினாள். அவர் நின்றபடியே படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் கோணியது.

"அண்ணே, அண்டா உங்க தலையில இருந்திச்சின்னா, நான் எங்க இருந்தேன்?"

மூணு மெடல் எதிர்க்கடைப் பலகையை மும்முரமாகப் படிக்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு ஒயர்லெஸ்காரர் அவளைப் பார்த்துத்தான் பேசினார். அன்றைக்குக் குண்டு எதுவும் பறக்கவில்லை. சுடுவது முதல் நாளே நின்றுவிட்டது. ஆனால் ஆற்றில் தண்ணீர் மட்டும் அண்ணன் எழுதியதைவிட அதிகம், கழுத்து வரை. ஒயர்லெஸ்காரருக்கு நான்கு நாளாகக் கடும் காய்ச்சல். அக்கரையில்தான் டாக்டர். அண்ணன் அண்டாவோடு ஆற்றில் இறங்கினார், ஒயர்லெஸ்காரர் பின்னாலேயே வந்தார். நடு ஆற்றில் இவருக்குக் கண் இருட்டிக்கொண்டு கால் விட்டுப்போயிற்று. அண்ணன் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம் யோசித்திருந்தால் இன்றைக்கு இந்தக் கடிகாரக் கடை இல்லை. அண்டாவை விட்டுவிட்டு வந்து, தலைமுடியைப் பிடித்து இழுத்து, தோளில் போட்டுக்கொண்டு கரையேறினார். அதோடு நிற்கவில்லை, அங்கேயிருந்து டாக்டர் கூடாரம் வரை மூன்று மைல் அப்படியே சுமந்துகொண்டு போனார்.

"வழி நெடுக நான் எங்கம்மாவைக் கூப்பிட்டு அழுதிருக்கேன், அண்ணி. யார்கிட்டயும் இதை அண்ணன் சொல்லலை. சொல்லியிருந்தா முகாமில என்னை ஓட்டியே கொன்னிருப்பாங்க."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "இது உங்க கதையைவிட நல்லா இருக்கே. இதை ஏங்க இத்தனை வருஷமா சொல்லலை?"

அவர் எதிர்க்கடைப் பலகையிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"அண்டா போயிடுச்சே. நாப்பது பேர் அன்னைக்குப் பட்டினி. சமையல்காரன் சாப்பாட்டை ஆத்துல விட்டுட்டு வந்தான்னு எந்த வாயால சொல்றது?"

அவள் அந்த முகத்தை முப்பத்தாறு வருஷத்தில் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி கேன்டீனில் ஒரு நாள் கூட லீவு போடாமல் வேலைக்குப் போன மனிதர். காய்ச்சல் என்றாலும் போவார். ஏன் இப்படிச் சாகிறீர்கள் என்று அவள் சண்டை போட்டிருக்கிறாள். சாப்பாட்டுக்கு ஆள் காத்திருப்பாங்க என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போதுதான் புரிந்தது.

ஒயர்லெஸ்காரருக்கு என்னவோ ஆறுதல் சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரும் பட்டினி கிடக்கவில்லை அண்ணே, எல்லாருக்கும் பிஸ்கட்டும் டப்பாப் பழமும் கொடுத்தார்கள் என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். உண்மையைச் சொன்னால் நிறைய பேர் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள் என்றும் சேர்த்துவிட்டார்.

"என் சாப்பாடு இல்லேன்னா சந்தோஷமா?" என்றார் மூணு மெடல்.

அதற்கப்புறம்தான் உண்மையான சிக்கல் ஆரம்பித்தது. பிரமாணப் பத்திரத்தில் அண்டா போனதை எழுத வேண்டாம் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். ஆளைக் காப்பாற்றினார் என்று எழுதினால் போதாதா, அண்டாவை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்டார். சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடுகிறேன், பாதியை விழுங்கிவிட்டு எப்படிப் போடுவது என்று ஒயர்லெஸ்காரர் தலையைச் சொறிந்தார். கடைசியில் அவள்தான் முக்காலியை விட்டு எழுந்தாள்.

"அண்டாவையும் எழுதுங்க தம்பி. அதை விட்டதாலதானே உங்களைப் பிடிச்சாரு. அது இல்லேன்னா இது எங்கேருந்து வந்திச்சி?"

மூணு மெடல் தலையாட்டினார். எழுதி, நோட்டரியிடம் முத்திரை வாங்கியபோது ஒயர்லெஸ்காரர் ஒரு பழைய பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். அன்றைக்கு டாக்டர் கூடாரத்தில் சேர்த்ததற்கான சீட்டு. மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தாலும் தேதி தெளிவாக இருந்தது. இவர் மனுவில் எழுதிய தேதிக்குச் சரியாக ஒரு வருஷம் முந்தியது. திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் அவள் பக்கம் திரும்பி, "டப்பாப் பழமா அவனுங்களுக்குப் பெரிசா போச்சு?" என்றார்.

இந்தத் தடவை ஆறு வாரத்திலேயே பதில் வந்துவிட்டது. சரியான தேதி கிடைத்ததால் அந்த நாளின் ஆணைகளைத் தேடி எடுத்துவிட்டார்கள். ஒரே ஆணை, இரண்டு பத்தி. அந்த ஆணையே பதிவேட்டில் ஏறாமல் விட்டுப்போனதாம். வருத்தம் தெரிவித்து, இப்போது முழுவதையும் ஏற்றிவிட்டதாக எழுதியிருந்தார்கள். அவள் முன்னறையில் நின்று சத்தமாக வாசித்தாள். அளவு கொடுக்க வந்திருந்த இரண்டு பெண்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பத்தி ஒன்று. அரசுக்குச் சொந்தமான பெரிய அண்டா ஒன்றை மூடியுடன் தொலைத்ததற்காக, ஏழு நாள் முகாமை விட்டு வெளியே செல்லத் தடை."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பத்தி இரண்டு. தன் பாதுகாப்பைப் பொருட்படுத்தாமல் சக வீரரின் உயிரைக் காத்ததற்காகப் படைத்தலைவரின் பாராட்டுரை."

வாசித்து முடித்த பிறகும் அவள் கடிதத்தைக் கீழே வைக்கவில்லை. பத்தி ஒன்றை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, "மூடியும் சேத்தா தொலைச்சீங்க?" என்றாள்.

"மூடி முதல்லயே போயிடுச்சி" என்றார் அவர்.

பாராட்டுரைக்கு மெடல் கிடையாது. சான்றிதழும், சட்டையில் குத்திக்கொள்ள விரல் நகம் அளவுக்கு ஒரு சின்னமும்தான். அவை தனியாகத் தபாலில் வந்தன. கணக்குப் பார்த்தால் இருந்த மூன்றும் போய், மெடலே இல்லாத மனிதராகிவிட்டார். தெருக்காரர்கள் பெயரை மாற்றலாமா என்று யோசித்தார்கள். நாக்குக்குப் பழகிவிட்டதால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

செயலாளர் கடிதத்தை மூக்குக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு முத்திரையையும் சரிபார்த்தார். பலகையில் விருதுகளுக்கு மட்டுமே இடம் இருக்கிறது, தண்டனைக்குக் கட்டம் இல்லை, ஆகவே பத்தி ஒன்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று தன் பாணியில் ஆறுதல் சொன்னார். அப்புறம் சான்றிதழைப் புரட்டிப் பார்த்தவர் திடுக்கிட்டார். இனிஷியலில் ஓர் எழுத்து மாறியிருந்தது. இதற்கும் ஒரு திருத்த மனு போடலாம், ஒரு வருஷம் ஆகலாம், ஆனால் செய்வதுதான் முறை என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தாளையும் பேனாவையும் எடுத்தாள். அவர் வேண்டாமென்று கையைக் காட்டினார்.

"தூக்கினவனுக்கும் தூக்கப்பட்டவனுக்கும் தெரியுது. இனிஷியலுக்குத் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன."

அவருக்கு அவசரம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒயர்லெஸ்காரர் குடும்பத்தோடு சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமையே சந்தைக்குப் போய்வந்துவிட்டார் மூணு மெடல். வெள்ளிக்கிழமை முழுதும் பாத்திரங்களை இறக்கித் தேய்த்தார். உதவிக்கு வந்த மனைவியை அடுப்படிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க விடவில்லை. சனிக்கிழமை காலையில் என்ன யோசித்தாரோ, முன்னறைக்கு வந்து அவள் எதிரில் நின்றார்.

"உண்மையைச் சொல்லு. என் சமையல் அவ்வளவு மோசமா?"

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கோத்து முடித்து, முடிச்சுப் போட்டு, மிஷினில் துணியை வைத்துவிட்டு, "உப்பு மட்டும் என்கிட்ட கேட்டுட்டுப் போடுங்க" என்றாள்.